குடமுத்துப் பார்

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை கிளைட்டன் சங்கு குளிக்கப் போனான். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் கடல் காலியாகக் கிடந்தது. தூத்துக்குடித் திரேஸ்புரத்திலிருந்து நாலைந்து வள்ளங்கள்தான் வெளியே போயின. கிளைட்டனோடு அன்று போனது ஜேசுதாசன் மட்டும். ஐம்பத்தைந்து வயது, வள்ளத்தின் சொந்தக்காரர். கிளைட்டன் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு கீழே இறங்கினால், மேலே காற்றை அனுப்புகிற கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

வழியில் டவர் கிடைக்கிற கடைசி இடத்திலிருந்து கிளைட்டன் வீட்டுக்குப் போன் போட்டான். அவன் மனைவி டயானா நண்டுக் கம்பெனி வேனுக்காகத் தெருமுனையில் நின்றிருந்தாள். அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து பிரித்து டப்பாவில் அடைக்கிற வேலை அவளுக்கு. குடமுத்துப் பாருக்குப் போகிறோம் என்றும், யாரிடமும் சொல்லிவிடாதே என்றும் சொன்னான்.

சொல்லாதே என்றதற்குக் காரணம் இருந்தது. கடலடியில் கல் பரந்து கிடக்கிற இடத்தைத்தான் பார் என்பார்கள். அதைச் சுற்றியுள்ள மணலில்தான் சங்கு மேயும். பக்கத்துப் பார்களெல்லாம் அள்ளி அள்ளி ஓய்ந்துவிட்டன. குளிகாரர்கள் நல்ல இடம் கண்டால் அதன் ஜி.பி.எஸ். எண்ணைக் கூடப் பிறந்தவனுக்கும் காட்டுவதில்லை. குடமுத்துப் பார் என்ற பேரைக் கிளைட்டன் தன் அப்பா சொல்லிக் கேட்டிருந்தான். இரண்டு வருடமாகத் தேடி, பதினைந்து நாளைக்கு முன்புதான் அதைக் கண்டுபிடித்திருந்தான். முதல் நாளே கை கொள்ளாத பருமனில் சங்கு கிடைத்தது. ஜேசுதாசனையும் டயானாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

மதியம் இரண்டு மணிக்குக் கச்சான் என்கிற மேல்காற்று திடீரென்று விழுந்தது. பருவம் தப்பிய காற்று. உப்பளத்துச் சாலையில் நின்ற லாரிகளின் தார்ப்பாயெல்லாம் பிய்த்துக்கொண்டு போயிற்று. முக்கால் மணி நேரம் அடித்து, நாலு துளி மழையும் போட்டுவிட்டு அடங்கியது. சாயங்காலத்துக்குள் மற்ற வள்ளங்கள் கரையேறிவிட்டன. ஜேசுதாசனின் வள்ளம் வரவில்லை.

புதன்கிழமை முழுக்கத் தேடினார்கள். அதிகாரிகளின் கப்பல் ஒன்றும் போனது. மேற்கிலிருந்து அடித்த காற்று, கவிழ்ந்த வள்ளத்தைக் கிழக்கேதான் தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டு, கிழக்கே வெகுதூரம் போய்த் தேடினார்கள். அவர்கள் கணக்கில் பிழையில்லை. எங்கே குளிக்கப் போனார்கள் என்று கேட்டபோது ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

டயானா அன்று சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள். அவளுடைய அண்ணன் ஹென்றியின் வீடும் அவள் வீடும் ஒரே முற்றத்தில் எதிரெதிராக இருந்தன. ஹென்றியின் மனைவி ஆனி கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். டயானா அதைத் தள்ளிவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"குடமுத்துப் பாருக்குப் போறேன்னு சொன்னாவ. யாருட்டயும் சொல்லாதன்னு சொன்னாவ. வந்துருவாவ வந்துருவாவன்னு இருந்துட்டேன்."

ஹென்றி உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்களில் இரண்டு பேர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருந்தார்கள். எங்கே என்றுதான் தெரியவில்லை. ஒருவர் மணப்பாட்டுக்கு நேரே என்றார், இன்னொருவர் முயல்தீவுக்கு வடக்கே என்றார். இளவட்டங்களிடம் எண்கள்தான் இருந்தன, பேர்கள் இல்லை. அதிகாரிகளின் வரைபடத்திலும் அப்படி ஒரு பேர் கிடையாது. இடத்தின் எண்ணைக் கொண்டுவாருங்கள், உடனே அந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஹென்றிக்கு நாற்பத்தெட்டு வயது. கடலுக்குப் போனதில்லை. ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் காகிதம் முடித்துக்கொடுக்கிற ஒரு ஏஜென்சியில் இருபது வருடமாக வேலை. கன்டெய்னர் எண், எடை, சீல் எண் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்ப்பது அவன் பொறுப்பு. அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில் பழைய வரைபடங்களைத் திறந்துவைத்துக்கொள்வான். வெளிநாட்டு நூலகங்கள் இணையத்தில் போட்டுவைத்திருந்த டச்சுக்காரன் படம், வெள்ளைக்காரன் படம் எல்லாவற்றிலும் தூத்துக்குடியைத் தேடிப் பார்ப்பான். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு விதமாக ஊரின் பேரைக் குதறி வைத்திருப்பான். பெரிதாக்கப் பெரிதாக்கத் தீவுகளும் மாதாகோயிலும் சிறு சிறு கோடுகளாக எழும்பி வரும். கிளைட்டன்கூடக் கேலி செய்வதுண்டு, மச்சான் செத்துப்போன ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுக்கிறார் என்று.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பார்களை அளந்து வரைந்த படங்கள் இருக்கும் என்று ஹென்றிக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆபீசைத் திறக்கச் சொன்னான். முதலாளி தங்கதுரை அண்ணாச்சி தானே சாவியைக் கொண்டுவந்தார். சாயர்புரத்துக்காரர், இந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்.

ஒவ்வொரு படமாகத் திறந்தான். மெதுவாகத்தான் வந்தன. கட்டம் கட்டமாக மங்கலாகத் தெரிந்து, பிறகு தெளிந்தன. முதல் ஐந்து படங்களில் பேர் இல்லை. ஆறாவது படம் நூற்று முப்பது வருடத்துக்கு முன் வரைந்தது. தாமிரபரணி விழுகிற இடத்துக்கு வெளியே, எறும்பு ஊர்ந்த மாதிரி வளைந்த எழுத்தில், கூடமூட்டூ பவுர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஹென்றி அதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தான். தங்கதுரை அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"குடமுத்து. அதேதான் ஹென்றி."

ஓரத்தில் அச்சடித்திருந்த பாகைக் கோடுகளை வைத்து, திரையின் மேலேயே ஸ்கேலைப் பிடித்து அளந்தான். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் காகிதத்தில் குறித்து, மறுபடி அளந்து சரிபார்த்தான். எண்ணைப் போனில் போட்டதும் கடலின் நீலத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று விழுந்தது. வீட்டுக்குப் போய் டயானாவிடம் அதைக் காட்டினான். அவள் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அதிகாரிகளிடம் எண்ணைச் சொன்னபோது, கப்பல் கிழக்கே வெகுதூரம் போயிருக்கிறது, திரும்பி வர ராத்திரியாகும் என்றார்கள். எட்டு வள்ளங்கள் கிளம்பின. முதல் வள்ளத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, போனை பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிடித்தபடி ஹென்றி உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தின் நிலக்கரிக் கப்பல்களைக் கடந்து தெற்கே இரண்டு மணி நேரம் ஓடினார்கள். அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மதியம் ஒன்றரைக்கு, வள்ளம் நின்ற இடத்தின் எண்ணும் புள்ளியின் எண்ணும் ஒன்றாயின.

அங்கே எதுவும் இல்லை.

வட்டமடித்தார்கள். வட்டத்தைப் பெரிதாக்கி மறுபடி அடித்தார்கள். ஜெரால்டு என்கிற குளிகாரன், கிளைட்டனோடு பல வருடம் தொழில் பார்த்தவன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தான். மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அண்ணே, கீழ பாரே இல்ல. வெறும் மணலுதான். கல்லு ஒண்ணுகூடத் தட்டல."

"நூறு வருசத்துக்கு மேல ஆயிட்டு ஜெரால்டு. மணல் மூடியிருக்கும். படத்துல தெளிவா போட்டிருக்கு."

"பாரு அப்படி மூடாதுண்ணே. மேக்க கொஞ்சம் போய்ப் பாப்பமா?"

ஹென்றி மேற்கே பார்த்தான். சூரியன் சாய்ந்து அந்தப் பக்கக் கடல் முழுக்கத் தகரத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரிப் பளபளத்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. காற்று மேற்கேயிருந்துதானே அடித்தது, வள்ளம் இங்கேயிருந்து போயிருந்தால் கிழக்கேதான் போயிருக்கும் என்று அவன் சொன்னான். இடத்தைக் கண்டுபிடித்தவன் அவன். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நாலு மணி வாக்கில் எட்டு வள்ளங்களும் கிழக்கே திரும்பின. பொழுது அடைகிற வரை ஓடிப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தெற்கே புன்னைக்காயல் ஊர் வள்ளம் ஒன்று ஜேசுதாசனைக் கொண்டுவந்தது. நண்டு வலை எடுக்கப் போனவர்கள், கவிழ்ந்து கிடந்த வள்ளத்தையும் அதில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதரையும் பார்த்திருக்கிறார்கள். உதடு வெடித்து, முதுகுத் தோல் வெந்து உரிந்திருந்தது. உயிர் இருந்தது. கிளைட்டன் இல்லை.

சனிக்கிழமை மதியம் பெரியாஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வந்தது. டயானா கட்டிலின் ஒரு பக்கமும் ஹென்றி மறுபக்கமும் நின்றார்கள். அவர் டயானாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கீழ இருந்தான் தாயி, காத்து விழும்போது. கொழாயப் பிடிச்சு இழுத்து மேல வரச் சொன்னேன். வந்தான். ஏறதுக்குள்ள வள்ளம் மொத்தமா மறிஞ்சு போச்சு. போனு, ஜி.பி.எஸ்., தண்ணிக் கேனு எல்லாம் போச்சு. நங்கூரம் மட்டும் பாருல நல்லா கடிச்சுக் கெடந்துது. அதனால எங்கயும் போகல. போட்ட எடத்துலயே கெடந்தோம். மூணு நாளும் அதே எடந்தான்."

கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"வியாழக்கெழம மத்தியானம் கெழக்க வள்ளம் தெரிஞ்சுது. புள்ளி புள்ளியா ஏழெட்டு. சுத்திச் சுத்தி வந்துச்சு ஒரே எடத்துல. நம்ம ஊரு வள்ளந்தான் சித்தப்பா, நம்மளத்தான் தேடுதானுவன்னு சொன்னான். சட்டையக் கழத்தி வீசுனான். கத்துனான். கிட்ட வருவானுவ வருவானுவன்னு பாத்தோம். வரல. அவன் சொன்னான், நீரு கெடயும், நான் நீந்திப் போய்க் கூட்டிட்டு வாரேன்னு. வேண்டாம்ல, தண்ணி இல்லாம கெடந்த ஒடம்புன்னேன். எத்தன மைலு நீந்தியிருக்கேன், இது என்னன்னுட்டான். இறங்கிட்டான். ரொம்ப நேரம் தல தெரிஞ்சுது. நல்லாத்தான் போனான். பொறவு அந்த வள்ளமெல்லாம் திரும்பிக் கெழக்க போச்சு. அத அவன் பாத்தானா என்னான்னு தெரியல தாயி."

டயானா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹென்றி அழவில்லை. வெளியே வந்தான். வராந்தாவில் நின்ற புன்னைக்காயல்காரரிடம், வள்ளம் கிடந்த இடத்தின் எண்ணைக் கேட்டு வாங்கினான். தன் போனில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அட்சரேகை அச்சாக ஒத்தது. தீர்க்கரேகை மட்டும் பாகைக் கணக்கில் இரண்டரை நிமிடம் தள்ளியிருந்தது. கடலில் நாலரைக் கிலோமீட்டர். நேர் மேற்கே.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீசுக்குப் போய் அந்தப் படத்தைத் திறந்தான். பாரின் பேரைக் கண்டதும் அதையே பெரிதாக்கி அளந்திருந்தானே தவிர, படத்தின் அடி ஓரத்துக்கு அவன் போகவே இல்லை. இப்போது கீழே இழுத்தான். சட்டக் கோட்டுக்கும் வெளியே, காகிதம் பழுத்துப்போன இடத்தில், ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. இந்தப் படத்தின் தீர்க்கரேகைகள் பழைய அளவின்படி அமைந்தவை, சரியான இடத்துக்கு இரண்டு நிமிடமும் இருபத்தேழு விநாடியும் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அது சொன்னது.

தங்கதுரை அண்ணாச்சி வந்து பார்த்தபோது அவன் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவர் அந்த வரியைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இத நீங்க பாக்கணும்னு யாரு எதிர்பாப்பா ஹென்றி? பாரு எங்கன இருக்குன்னே ஒருத்தனுக்கும் தெரியாது."

"நான் ஒண்ணுமே கண்டுபிடிக்காம இருந்திருந்தா, அவன் அந்த வள்ளத்துலதான் கெடந்திருப்பான் அண்ணாச்சி. வெள்ளிக்கெழம ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கிட்டு வந்திருப்பானுவ."

அண்ணாச்சி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உடல் கிடைக்கவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு வெறும் பெட்டி வைத்துப் பூசை வைத்தார்கள். பிரசங்கத்தில் பங்குச்சாமியார் ஹென்றியின் பேரைச் சொன்னார். ஊரே கைவிரித்த நேரத்தில் மைத்துனனுக்காக எங்கெங்கோ தேடி, மறைந்துபோன ஒரு பேரைக் கண்டுபிடித்தவர் என்றார். கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொருத்தராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். குளிகாரர்கள் இரண்டு பேர், அந்தப் படத்தில் மற்ற பார்களும் இருக்கிறதாமே என்று கூச்சத்தோடு விசாரித்தார்கள். ஹென்றி எல்லோருக்கும் தலையை ஆட்டினான். ஆனி மட்டும், இவர் ஏன் இப்படி இருக்கிறார், ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று டயானாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

மூன்றாவது வாரம் டயானா வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு நாள் சாயங்காலம் வேனை விட்டு இறங்கி, முற்றத்துக் குழாயடியில் குத்தவைத்து, நண்டு நாற்றம் போக எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கீறல். ஹென்றி போய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். சொல்லாமல் இருக்க எத்தனையோ நாள் முயன்று பார்த்துவிட்டான். படத்தில் இருந்த வரியை, இரண்டரை நிமிடத்தை, ஜெரால்டு மேற்கே போகலாம் என்று கேட்டதை, தான் வேண்டாம் என்றதை, ஒன்று விடாமல் சொன்னான். தன் பக்க நியாயம் எதையும் சேர்க்கவில்லை.

டயானாவின் கை தேய்ப்பதை நிறுத்திவிட்டது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ அந்த வள்ளத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"மேக்க பாத்தியா?"

"பாத்தேன். வெயில் கண்ணக் கூசிச்சு. ஒண்ணும் தெரியல."

"அப்போ அவிய வந்துக்கிட்டு இருந்திருப்பாவ."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"செவ்வாக்கெழம சாயங்காலமே நான் பேரச் சொல்லியிருந்தா?"

"அப்பவும் நான் இதே எண்ணத்தான் எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவள் குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜேசுதாசன் மாமாட்ட சொல்லிராத. அவுக, தான் பிடிச்சு நிறுத்தலையேன்னு அழுதுட்டுக் கெடக்காவ. அப்படியே இருக்கட்டும், இத வேற தாங்க மாட்டாவ."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வழக்கம் போல வேனுக்குப் போனாள். ஆனியோடு பேசினாள். அவனோடு பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போகவும் இல்லை. யாரோ ஒரு ஆள் போகிற மாதிரி விட்டு நடந்தாள். அவன் அவளிடமிருந்து திட்டையாவது எதிர்பார்த்தான். அதுவும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின தினம் அவளாகவே வாசலில் வந்து நின்றாள். கடலில் பூப்போட வேண்டும், நீயும் வா, எண் உன்னிடம்தானே இருக்கிறது என்றாள். திரேஸ்புரத்தில் பெண்கள் வள்ளம் ஏறுகிற வழக்கம் இல்லை. இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. ஜெரால்டு தன் வள்ளத்தை எடுத்தான்.

விடிந்ததும் கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது. இதுதான் குடமுத்துப் பார் என்று சொல்லி ஜெரால்டு எஞ்சினைத் தணித்தான். தண்ணீருக்கு அடியில் கல் கரும்பச்சையாகத் தெரிந்தது. டயானா பூக்கூடையைத் திறக்கவில்லை.

"இங்கன இல்லலா அவிய. வள்ளத்த விட்டுப் போய்ட்டாவல்லா. எங்கன போட?"

ஜெரால்டு ஹென்றியைப் பார்த்தான். டயானாவும் பார்த்தாள். குழாயடியில் பேசியதற்குப் பிறகு முதல்முறையாக நேருக்கு நேர்.

"சொல்லு. இந்த நாலரைக் கிலோமீட்டர்ல எங்கன?"

"தெரியல டயானா."

"அப்போ முழுசும் போவோம்."

வள்ளம் கிழக்கே மெல்ல நகர்ந்தது. அவள் விளிம்பில் சாய்ந்து செவ்வந்தியை இரண்டு இரண்டாக உதிர்த்துக்கொண்டே வந்தாள். மிச்சம் பிடித்துத்தான் போட்டாள். அப்படியும் பாதித் தூரத்திலேயே கூடை காலியாகிவிட்டது. கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒட்டியிருந்த இதழ்கள் நாலு விழுந்தன. நிறுத்தட்டுமா என்று ஜெரால்டு கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். மீதித் தூரம் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே வந்தாள்.

போனில் எண் ஒத்ததும் ஹென்றி கையைத் தூக்கினான். ஜெரால்டு எஞ்சினை அணைத்தான். அன்றைக்கு அவர்கள் வட்டமடித்த இடம். டயானா எழுந்து நின்று மேற்கே திரும்பினாள். காலை நேரம்; சூரியன் முதுகுப் பக்கம் இருந்தது. கரைவரை கடல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வெகுதூரத்தில், பாருக்குப் பக்கமாகப் புன்னைக்காயல் வள்ளம் ஒன்று வலை எடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஆள் குனிவதும் நிமிர்வதும்கூடத் தெரிந்தது.

"நல்லாத் தெரியுதே, அண்ணே" என்றாள் அவள்.